மருத மர நிழலில் ஒரு நடைபாதை

இன்று ஜெயித்துவிட்டோம், மக்களே!

புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக எங்கள் வாய்க்கால்கரைச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். வரைபடத்தில் நடைபாதை குடியிருப்புப் பக்கம் மட்டும்தான். வாய்க்கால் பக்கத்து மருத மரங்களில் வெட்டுவதற்குச் சிவப்புக் குறியே போட்டாகிவிட்டது.

அளக்க வந்த பொறியாளரிடம் கேட்டேன். "நாங்க எல்லாரும் மரத்தடியிலதான சார் நடக்கோம்? நடைபாதைய அங்கன வைங்களேன்."

"வீடு இருக்கிற பக்கம்தான் வைக்கணும்னு விதிமுறை, டீச்சர். வாய்க்கால் பக்கம் யார் நடக்கப் போறாங்க?"

"சரி, பாலம் வரைக்கும் நடந்துக்கிட்டே பேசுவோம், வாங்க."

குடியிருப்புப் பக்கமாகத்தான் நடக்கத் தொடங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். விதிமுறையை விளக்கிக்கொண்டே சாலையைக் கடந்து மர நிழலுக்குப் போனார். அங்கிருந்தும் விளக்கினார்.

அந்த மரத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "சார்வாள், இப்போ நீங்க எந்தப் பக்கம் நடக்கிய?"

அண்ணாந்து மரத்தைப் பார்த்த பொறியாளர் சிரித்துவிட்டார். அங்கேயே மேலதிகாரியைப் போனில் பிடித்தார். "வண்டி போற அகலத்தைக் கொஞ்சம் குறைச்சா மரம் தப்பிச்சிரும் சார். நடைபாதையும் நிழல்லயே வந்துரும்."

ஒப்புதல் கிடைத்தது. சிவப்புக் குறிகளை அவர் முன்னாலேயே சுரண்டி எடுத்தோம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். பதினொன்றுக்கு மேல் வரச் சொன்னது நான்.

உங்கள் ஊர் நடைபாதையை வரைந்தவர் எத்தனை மணிக்கு வந்தாராம்?