நோன்புப் பகலில் திறந்த யன்னல்

பாலாவிச் சந்தியில் சிலாபம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கிளினிக் நாள். எனக்கு முன்பே வந்து குடையோடு நிற்கும் ஸுஹைரா ராத்தாவைக் காணவில்லை. அவருடைய தம்பி தொலைபேசியில் அழைத்தார். "ராத்தா மௌத்தாகிட்டா." மரணச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

எங்கள் இருவருக்கும் லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், கிட்னியையும் விடாது. மாறாது, குளிசை மருந்தால் அடக்கி வைக்கலாம். ராத்தா என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். கிளினிக் வாங்குப் பலகையில் மிரண்டுபோய் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருவார். அதே கிளினிக்குக்கு வரும் உங்களில் பலருக்கும் அது நினைவிருக்கும். "குளிசையால மூஞ்சி ஊதியிருக்கா? எனக்கும் பூசணிக்காய் மாதிரித்தான் இருந்திச்சு. வத்திடும் புள்ள." அந்தப் பிள்ளை சிரிக்கும்வரை எழும்பமாட்டார்.

எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருடம் நோன்பு வந்தது. பகலில் சாப்பிட்டால் நோய் ஊருக்குத் தெரிந்துவிடுமே! டொக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நோன்பு பிடித்தேன். காலைக் குளிசை நின்றது. கால்கள் வீங்கின. உம்மா பயந்துபோய் ராத்தாவுக்குச் சொல்லியனுப்பினார்.

மறுநாள் பகலே வந்துவிட்டார், கையில் பாண் ரொட்டியும் பருப்புக் கறியும். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்து என்னை முன்னால் இருத்தினார். உம்மா ஓடிப்போய் யன்னலைச் சாத்தினார்.

"திறங்க சாச்சி. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகைய ஏன் ஒளிச்சுத் திங்கணும்? நாங்க களவெடுத்தா திங்கிற?"

முதல் துண்டை அவரே வாயில் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ராத்தா அவளுக்குச் சலாம் சொன்னாரே பார்க்கலாம்! எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஆனாலும் சாப்பிட்டேன், குளிசையை விழுங்கினேன்.

அந்தக் கல்யாணப் பேச்சு முறிந்தது. அழுதுகொண்டு கிடந்தேன். "கல்யாணம்தானே முறிஞ்ச? கிட்னி இருக்குதே. அழு. அழுதிட்டுக் குளிசையப் போடு" என்றார் ராத்தா.

என் கிட்னியைக் காத்த மனுசிக்குத் தன்னுடையது கைகொடுக்கவில்லை. அல்லாஹ்வின் நாட்டம் என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். மனம் கேட்கமாட்டேன் என்கிறது.

இந்த நோன்பில், கிளினிக்கில் பழகிய ஒரு பிள்ளையும் குளிசையை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டு, பகலில் பாணோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மா யன்னலைச் சாத்த எழுந்தார்.

"இருக்கட்டும் சாச்சி" என்றேன். வேலிப் பக்கம் பார்க்கவே இல்லை. ராத்தாவின் துணிச்சல் எனக்கு வாய்க்கவில்லை. முதல் துண்டைத் தானே தின்னும் அவருடைய பழக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பாணைப் பிய்த்து வாயில் வைத்தேன். பிள்ளை என்னையே பார்த்தாள். பிறகு அவளும் எடுத்தாள்.