அமிர்தம் அடிக்காத அடி

உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ராணியம்மாளின் சாப்பாட்டுக் கடையில் கோழி வெட்டுகிறவள் அமிர்தம். அவள் கத்தியை ஓங்கினால் கோழி தானாகவே நான்காகப் பிரிந்துகொள்ளும் என்பார்கள் லாரிக்காரர்கள்; நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இடுப்பைக் கிள்ளிய ஓட்டுநர் ஒருவனை அவள் அறைந்த சத்தத்தில், மலைமேல் கரியாலூர் அருவி ஒரு நொடி நின்று விழுந்ததாம்.

மூன்று வயதில் வவுனியாவிலிருந்து தாயின் இடுப்பில் வந்தவள். முப்பத்தைந்து வருடமாக அகதி முகாம்தான் வீடு. கனடாவில் இருக்கும் அக்கா இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, இவளுக்கு நாங்கள் பொறுப்பு என்று அந்த அரசுக்கு எழுதிக் கொடுத்தாள். நேர்காணல், மருத்துவச் சோதனை என்று ஐந்து வருடம் ஓடி, விசா வந்தது. இங்கிருந்து புறப்பட அரசு தரும் எக்ஸிட் பர்மிட் மட்டும்தான் பாக்கி. பேரில் போலீஸ் கேஸ் இருந்தால் அது கிடைக்காது. அதனால் அமிர்தம் கை ஓங்குவது கோழிமேல் மட்டும் என்றாகிவிட்டது.

இது அறிவுச்செல்வனுக்கும் தெரியும். திருட்டுப் படகில் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் ஏற்றும் தரகன். அவள் தம்பியை ஏற்றிவிட்டவனும் அவனே. அந்தப் படகு எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. அமிர்தத்தின் விசாவைப் பார்த்து முகாமில் ஏழு பேர் படகு வேண்டாமென்று பின்வாங்கிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தோடு மத்தியானக் கூட்டத்தில் கடைக்குள் நுழைந்தான்.

முடியைப் பிடித்து இழுத்து அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் கோழி இறகில் சொட்டியது.

"அடிடி பாக்கலாம். கத்தி கையிலதான கீது? ஒரு கேஸு வுழுந்துச்சுன்னா நீயும் உன் தம்பி மாதிரி என் படகுலதான் ஏறணும்."

அமிர்தம் கத்தியை இறக்கினாள், வெட்டுக்கட்டையில். புளியங்கட்டை இரண்டாகப் பிளந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அடிச்சுப்போட்டுப் போ. நான் பேப்பரோடதான் போவன்."

வயிற்றில் உதைத்தான். விழுந்தவளை மிதிக்க மறுபடி காலைத் தூக்கியபோது, கல்லாவை விட்டு ராணியம்மாள் எழுந்து வந்தாள். கையில் சோறு கிளறும் இரும்புக் கரண்டி. முதல் அடியில் அவன் முழங்கால் சில்லு பெயர்ந்தது. அடுத்ததில் முன்பற்கள் மூன்று சாம்பார் வாளிக்குள் போயின. மூன்றாவதை அவன் எண்ணும் நிலையில் இல்லை.

போலீஸ் வந்தபோது அறிவுச்செல்வன் ரத்த வாயோடு அமிர்தத்தைக் கைகாட்டினான். ராணியம்மாள் முந்திக்கொண்டாள்.

"என் பேர எழுதிக்குங்க சார். நான் இன்னா கனடாவுக்கா போப்போறேன்? களமருதூர் தாண்டி எனக்கு ஜோலி கெடையாது."

அமிர்தம் கையே ஓங்கவில்லை என்று கடையிலிருந்த லாரிக்காரர்கள் அத்தனை பேரும் சாட்சி சொன்னார்கள்.

தை பிறக்கும் முன் பர்மிட் வந்தது. அமிர்தம் விமானம் ஏறினாள். ராணியம்மாள் இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். கரண்டி சாட்சிப் பொருளாகக் கோர்ட்டில் கிடக்கிறது. கனடாவிலிருந்து போன மாதம் பார்சலில் ஒன்று வந்தது. பழையதைவிடக் கனம் ஜாஸ்தி.