நான் ஆக்கிய சோறு, அவள் வைத்த மீன்

இரண்டாவது தடவை எனக்கு நாள் தள்ளிப்போனபோது வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. முதல் தடவை தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கச் சொல்லி, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்து, மூன்று மாதம் நிறைவதற்குள் கலைந்து போயிருந்தது. அதனால் இந்த முறை கணவருக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டோடு இருக்க வேண்டும், மலையேறிக் கொழுந்து பறிக்கப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவருக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. அத்தை இன்னமும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். காலையில் இருவரும் கிளம்பிப் போனால் அந்தக் காம்பரா வீட்டில் நானும் என் வாந்தியும்தான் மிச்சம்.

தோட்டத்துக் கிளினிக்குக்கு முதன்முதலாகப் போன அன்று, வாங்குப் பலகையில் எனக்கு முன்னால் அடுத்த காம்பராக்காரி உட்கார்ந்திருந்தாள். அவளும் உண்டாகியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னைவிட இளையவள். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் போகிற வயதில் ஒரு மகள் இருந்தாள். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். நானும் அவளும் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவளுடைய ஆடு வேலியை முறித்துக்கொண்டு வந்து, காய்க்கத் தொடங்கியிருந்த எங்கள் போஞ்சிக் கொடிகளை மொத்தமாக மேய்ந்துவிட்டுப் போனது. அத்தை வாய்க்கு வந்தபடி பேசினார், அவளும் திருப்பிப் பேசினாள். அன்றோடு சரி. நடுவில் ஒரே ஒரு சுவர், ஆனால் முகத்தில் முழிப்பதில்லை.

மிட்வைப் மிஸ் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவார். எங்கள் இருவரின் கண்ணிமைகளையும் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் காணாது. காலைல என்ன சாப்பிட்டது?"

"ரொட்டி மிஸ்," என்றேன்.

"ரொட்டிக்கு?"

"சம்பல்."

"பகலுக்கு?"

"சோறு, பருப்பு. ராவைக்குத் திரும்ப ரொட்டி."

"சாப்பிட்ட கையோட தேத்தண்ணியும் குடிக்கிறதுதானே?"

"ஆமா மிஸ். சாயத்தண்ணி இல்லாம எப்படி?"

"அது வேணாம். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நல்லாக் கொஞ்சம் நேரம் போகணும், பொறகு குடிங்க. இல்லாட்டி கீரைல மீன்ல இருக்கிற சத்து ஒண்ணும் ஒடம்புல சேராது. கீரைக்குக் கொஞ்சம் தேசிக்காய் பிழிங்க. மீன் இல்லாட்டி நெத்தலி சரி சாப்பிடுங்க. முட்டை சாப்பிடுங்க. இங்க குடுக்குற சத்துக் குளிசைய வீட்டுல வச்சிட்டு வந்து குடிச்சேன்னு சொல்ல வேணாம்."

தேயிலையைக் கிள்ளியே வயிறு வளர்க்கிற எங்களிடம் தேத்தண்ணியைக் குறைக்கச் சொன்னதும் வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த காம்பராக்காரியும் சிரித்தாள். என் பக்கம் திரும்பியவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிஸ் சொன்னதை எல்லாம் செய்யத்தான் ஆசை. ஆனால் மீன் வாசம் பட்டாலே எனக்குக் குடலைப் பிரட்டியது. மீனைக் கழுவும்போதே முடியாது. எண்ணெயில் போட்டால் பின்வாசலுக்கு ஓடவேண்டியதுதான். எங்கள் குசினிக்கு ஜன்னல் கிடையாது. விறகுப் புகையோடு அந்த வாசமும் சேர்ந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கணவர் ஒரு நாள் தானே நெத்தலி பொரிக்கிறேன் என்று அடுப்படியில் உட்கார்ந்தார். அது கரியானதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார், கணவர் விறகுக்குப் போயிருந்தார். மீன்காரர் வந்த சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு "மாலு, மாலு, மீனேய்!" என்று இரண்டு பாஷையிலும் கூவிக்கொண்டு வருவார். நான் வெளியில் போகவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்து மீன் குழம்பு கொதிக்கிற வாசம் வந்தது. லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. தகரத்துக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாகச் சண்டையும் வரும், சமையலும் வரும். நான் பின்வாசலுக்கு ஓடிப்போய்க் குனிந்தேன். குனிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து வாசலில் அவளும் குனிந்து ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். முதலில் பேசியது அவள்தான்.

"என்னக்கா, மீன் வாசம் ஒத்துக்கலையா? சட்டிய எறக்கி வச்சிரவா?"

"வேணாம், கொதிக்கட்டும். ஒனக்கு என்ன? நீதான ஆக்குற மீனு?" என்றேன்.

"மீனு ஒண்ணும் செய்யாதுக்கா. ஒங்க வீட்டு ஒல கொதிக்கிற வாசந்தான். சோறு பொங்குற ஆவி பட்டாப் போதும், அம்புட்டும் வெளிய வந்துருது. நா சோறாக்கியே ரொம்ப நாளாச்சு. எனக்கும் புள்ளைக்கும் மூணு வேளையும் ரொட்டிதான்."

"ஆக்குன சோறத் திங்க முடியுமா?"

"ஆறிட்டா நல்லாத் தின்பேன்."

"எனக்கும் அப்பிடித்தான். வேற யாராச்சும் ஆக்கிக் குடுத்தா மீனு எறங்கும்னு நெனைக்கிறேன்."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப சோறு நீங்க ஆக்குங்க. மீனு நா வைக்கிறேன். ஒல கொதிக்கையில நா புள்ளையக் கூட்டிக்கிட்டு தண்ணி புடிக்கிற பீலிப் பக்கம் போயிருவேன்."

"நீ மீனு வைக்கையில நானும் வெளிய போயிர்றேன்," என்றேன்.

அன்று மத்தியானம் ஒரு பாத்திரம் நிறையச் சோறும் பருப்பும் அந்தப் பக்கம் போயின. ஒரு சட்டி மீன் குழம்பு இந்தப் பக்கம் வந்தது. ஆறிப் போயிருந்த குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பயந்து பயந்து ஒரு வாய் வைத்தேன். உள்ளே போனது, போன இடத்திலேயே நின்றது. இன்னொரு வாய் வைத்தேன். ஒரு துண்டு மீனை முழுதாகத் தின்று முடித்தபோது அழுகையே வந்துவிட்டது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு ஏதோ ஒன்றை ஒழுங்காகக் கொடுத்த மாதிரி இருந்தது.

அத்தை கோயிலிலிருந்து வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தச் சட்டிதான்.

"இது யாரு வீட்டுச் சட்டி?"

நான் சொன்னேன். மீனும் சோறும் மாறிய கதை முழுவதையும் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். போஞ்சியைப் பற்றி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மறுநாள் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்தபோது, கூடைக்குள்ளிருந்து வல்லாரையை எடுத்து இரண்டு கட்டாக வைத்தார்.

"மேல் மலையில மருந்து அடிச்சிருக்காங்க, அங்க புடுங்கல. இது ஆத்தோரத்துல முளைச்சது. ஒண்ணு ஒனக்கு. இன்னொண்ண அவகிட்டக் குடு."

"நீங்களே குடுங்களேன் அத்தை."

"எனக்குக் கால் வலிக்குது," என்று இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவளுடைய வாசல் பத்தடி தூரம்கூட இருக்காது.

அப்படியே மாதங்கள் போயின. அவள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் வந்து மீனோ நெத்தலியோ ஆக்குவாள். மீன்காரர் வராத நாட்களில் முட்டை. கீரையைத் தேங்காய்ப்பூ போட்டு நான் சுண்டுவேன். தேசிக்காய் அவள் பிழிவாள், என் கைக்கு அளவு தெரியாது என்பாள். கிளினிக்கில் தரும் சத்துமாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்து அவள் மகளுக்கும் கொடுப்போம். தேத்தண்ணி விஷயம்தான் பெரும் பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டு முடித்துவிட்டு இரண்டு பேரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து, நல்லதண்ணிக்குப் போகிற மத்தியான பஸ் கீழ் ரோட்டில் எப்போது ஹோர்ன் அடிக்கும் என்று காத்திருப்போம். பஸ் போனால் சாயத்தண்ணி குடிக்கலாம் என்பது எங்கள் கணக்கு. பஸ் வராத நாட்களில் டிரைவரைத் திட்டியபடியே, பொறுக்க ஏலாமல் குடித்துவிடுவோம்.

எனக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவள் மலையில் மயங்கி விழுந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு மாதம் கூட. கொழுந்துக் கூடையோடு சரிந்தவளைக் கூட வேலை செய்த பெண்கள் தாங்கிப் பிடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தையும் கூடவே போனார். ஒரு வருஷத்துக்கு மேலாக அவளோடு பேசாதிருந்தவர், அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு போனதாக மற்றவர்கள் சொன்னார்கள். அவள் மகளை நான் மடுவத்திலிருந்து கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொண்டேன்.

வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தாய்க்குத்தான் பலம் இல்லை, சில நாள் வார்டில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அத்தை திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார்.

"அங்க குடுக்குற சோத்த மோந்துகூடப் பாக்க மாட்டேங்குறா. சுடச்சுட ஆவியோட கொண்டாந்து வைக்கிறாங்க. பாணத்தான் பிச்சுப் பிச்சுத் திங்குறா."

மறுநாள் காலையில் மீன்காரர் வந்தார். நான் இறங்கிப் போனேன். அவருக்கே ஆச்சரியம். "எப்பவும் வாங்குற நோனா எங்க?" என்று அடுத்த வாசலைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் என்றேன். முள்ளு குறைந்த மீனாகத் தெரிந்தெடுத்து, வெட்டிக் கழுவியே கொடுத்தார்.

அடுப்பைப் பின்வாசலில் மூன்று கல் வைத்து மூட்டினேன். துவாயை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அவள் மகள் என் கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். புளியைக் கரைத்தேன், மிளகாய்த்தூளைப் போட்டேன், மீனைப் போட்டுவிட்டுக் காற்று வருகிற பக்கம் தள்ளி நின்றேன். வயிறு ஒரு தடவை புரண்டது. மூச்சை இழுத்து விட்டேன். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. எப்போது அந்தக் குமட்டல் என்னை விட்டுப் போனதென்று தெரியவில்லை. இத்தனை மாதம் நான் அடுப்புக்குக் கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லையே.

சோற்றையும் குழம்பையும் நன்றாக ஆறவைத்துக் கட்டிக் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் திரும்பி வந்ததும் வாசலிலேயே கேட்டேன்.

"சாப்பிட்டாளா?"

"பாத்திரத்த வழிச்சுச் சாப்பிட்டுருச்சு. ஆனா புளி கூடிப்போச்சாம். ஒங்கிட்டக் கட்டாயம் சொல்லச் சொல்லுச்சு."

நானும் அத்தையும் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்த பூனை வெளியே ஓடியது.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. புருஷனும் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து, ஹட்டனில் ஒரு ஹோட்டலில் சேர்ந்தான். அடுத்த கிளினிக்கில் மிஸ் மறுபடி எங்கள் கண்ணிமைகளை இழுத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். "ஹரி, இப்ப சரி. ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"சமைச்சோம் மிஸ்," என்றாள் அவள்.

அவளுக்கு மகன் பிறந்தான். கொஞ்ச நாளில் எனக்கு மகள் பிறந்தாள். பிறந்த உடனேயே குரலெடுத்து அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்கும்வரை எனக்குள் ஏதோ ஒன்று இறுகிக் கிடந்தது, அப்போதுதான் அவிழ்ந்தது. நல்ல நிறை என்று நர்ஸ் சொன்னார். மத்தியானம் ஆட்களைப் பார்க்க விடுகிற நேரத்தில் அத்தை வந்தார். பின்னாலேயே, தன் பச்சைப் பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு அவளும் வந்து நின்றாள். அத்தை காலையிலேயே நாட்டுக்கோழி அடித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்திருந்தார். அவள் என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க சாப்பிடுங்கக்கா, நா பாத்துக்கிறேன்," என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு அப்படியொரு பசி.