தண்ணீருக்குள்ளும் செருப்பைக் கழற்ற வேண்டும்

யாங்கூனில், க்யிம்யிண்டைங் ஆற்றங்கரை விடுதி. ஆற்றில் ஓதம் ஏறி, வரவேற்பறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. ஷூவோடு இறங்கப் போன என்னை விடுதிக்காரி மா லெட்சுமி தடுக்கிறார். லுங்கியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருக்கிறார்.

"அண்ணே, கழட்டிட்டு வாங்க."

"உள்ளயும் தண்ணிதானே?"

"தண்ணி வந்துட்டா வீடு தெருவாயிடுமா?"

வாசற்படியில் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்க்கிறேன். என்ன வேலை என்று கேட்கிறார். கடல் ஏறினால் ஹோட்டல்களை எப்படிக் காப்பாற்றுவது என்று மாலத்தீவில் வகுப்பெடுக்கப் போகிறேன் என்கிறேன், கொஞ்சம் மிடுக்காகவே. அந்த நிமிடமே அண்ணன் பதவி போய் 'சயா' ஆகிவிட்டேன். இங்கே வாத்தியாருக்கு அதுதான் மரியாதை.

ஷூவைப் படியில் விட்டுவிட்டு, சாவி வாங்கித் திரும்புகிறேன். படி முழுகிவிட்டது. என் ஷூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருமுனையைத் தாண்டி மிதந்து போய்க்கொண்டிருக்கின்றன. மற்றவர்களின் செருப்புகளோ கதவோரம், நெஞ்சுயர ஆணிகளில் நிம்மதியாகத் தொங்குகின்றன.

"ஆணியில மாட்டணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மா லெட்சுமி நிதானமாக வெற்றிலையை மென்று முடிக்கிறார்.

"கடலுக்கே பாடம் எடுக்கிற சயா நீங்க. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"