தாடையைத் தூக்கிய விரல்கள்

பக்கத்து வீட்டுச் சங்கதியைக் கண்ணு மூக்கு வைத்துச் சொல்வேன் என்று ஆமத்தூரில் என்மேல் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இதில் ஒரு சொல் கூட்டவில்லை. என் தாடைமேல் சத்தியம்.

எதிர்வீட்டு எவாஞ்சலின் ஆம்புலன்ஸ் நர்ஸ். விபத்தில் அடிபட்டவர்களை, ஆஸ்பத்திரி போகுமுன்னே அந்த இடத்திலேயே காப்பாற்றுவதற்கு ஒரு பெரிய பரீட்சை. இரண்டு தடவை கோட்டை விட்டாச்சு. மூன்றாவதும் போனால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். மறுநாள் பரீட்சை.

"மாரிக்கா, பேஷண்டா கொஞ்சம் படுங்களேன்."

"படுக்கிறதுக்கு எனக்குச் சொல்லியா தரணும்?"

அடிபட்டவர்கள் கையில் கட்டிப் பழக, காலண்டர் அட்டையில் வெட்டிய சீட்டுகள். சிவப்பு கட்டினால் முதலில் வண்டியில் ஏத்தணும். மஞ்சள் கொஞ்சம் பொறுக்கும். கறுப்பு, மூச்சு நின்றவர்களுக்கு. கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போயிரணும்.

பகல் மணி 3.10. கண்ணை மூடி மூச்சை அடக்கினேன். மணிக்கட்டில் கயிறு விழுந்தது. காலடி தள்ளிப் போனது. மூச்சை விட்டேன்.

காலடி திரும்பி வந்தது.

வெறுங்கால். ஒரு காலை இழுத்து... சர்ர்... சர்ர்...

பட்டாசு மருந்து வாடை.

தாடைக்குக் கீழே இரண்டு விரல். மெதுவாகத் தூக்கின.

"ஏ எவா, கையை ஐஸ்பெட்டியிலயா வச்சிருந்த?"

"என்னக்கா?"

குரல் அடுப்படியிலிருந்து வந்தது.

விரல்... இன்னும் தாடையில்.

கண்ணைத் திறந்தேன். 3.12.

யாருமில்லை.

ஓடிவந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். தாடையில் வெள்ளி நிறத்தில் இரண்டு விரல் தடம். மணிக்கட்டில் கறுப்பு அட்டை.

"கறுப்பு கட்டுமுன்ன தாடையைத் தூக்கிப் பாக்கணும்க்கா. மூச்சு திரும்பினா சிவப்பு. ரெண்டு பரீட்சையிலயும் அதைத்தான் மறந்தேன். இப்பவும்..."

மறுநாள் பாஸாகி லட்டோடு வந்தாள். பரீட்சையில் பேஷண்டாகப் படுக்கவைத்த பொம்மைக்குக் கறுப்பு எடுத்த கையை யாரோ பிடித்து நிறுத்தின மாதிரி இருந்ததாம். முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. நான் விடுவேனா? தோண்டினேன்.

போன சித்திரையில் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்தது. அங்கே அலுமினியப் பவுடர் சலிக்கிற ராக்காயிக்குக் கால் நசுங்கிப்போச்சு. அவளுக்குக் கறுப்பு கட்டியது எவாஞ்சலின்தான். தாடையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கடைசியாக ராக்காயியின் உடலை எடுக்கப் போனபோது, கறுப்பு கட்டியபோது பக்கவாட்டில் கிடந்த அவள் கை, அங்கே இல்லையாம்.

அந்தக் கையின் இரண்டு விரல், அவள் தாடையையே தூக்கிப் பிடித்தபடி இருந்ததாம்.