வாய் நிறையப் பஞ்சோடு எங்கள் கிராணி

இன்று காலை ஈப்போவில் என் பல் கிளினிக்கில், காத்திருந்தவர்களிடம் ஒருவர் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த டாக்டர் நம்ம சிலிம் ரிவர் தோட்டத்துப் புள்ள லா. நான்தான் படிக்க வெச்சேன்."

எட்டிப் பார்த்தேன். எங்கள் ரப்பர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பழைய கிராணி.

என் மேல்படிப்புக்கு உதவி கேட்டுப் போன அப்பாவை, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குய்யா படிப்பு? பால்மரம் வெட்ட அனுப்பு" என்று வாசலிலேயே விரட்டியவர்.

நாற்காலியில் சாய்த்தேன். மரத்துப்போக ஊசியும் போட்டேன். அந்த அளவுக்கு நல்லவள்தான். பிறகு வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டு, உதவியாளர் பக்கம் திரும்பினேன்.

"மாலதி, ஐயா அன்னைக்கு எங்கப்பாகிட்ட என்ன சொன்னாரு தெரியுமா?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன், வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கட்டுமே.

"ஆ... ஆ..." என்றார்.

"பேசாதீங்க ஐயா, பஞ்சு நகர்ந்துரும்."

மாலதி விடவில்லை. "அப்புறம் என்னாச்சு டாக்டர்?"

வேர் சிகிச்சை ஒரே நாளில் முடியாது. அடுத்த வாரமும் அவர் வாயைத் திறந்துகொண்டு படுத்தே ஆக வேண்டும்.

உங்களைப் 'படிக்க வைத்தவர்' யாராவது இருக்கிறார்களா? பல்வலி வந்ததும் என்னிடம் அனுப்பிவையுங்கள்.