தூள் தட்டுக்குக் கட்டிய மடி

மீன்பிடிக் கிராமமான தாழ்வுபாட்டில் பிறந்து, வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கும் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். அதனால் கரையில் இருந்து தேங்காய்ச் சிரட்டையில் அகப்பை செய்கிறேன். விறாந்தையின் தெற்கு மூலையில் என் மேசை. வடக்கு மூலையில் மனைவியின் தையல் மெஷின். தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் நான் தேய்க்கும் சிரட்டைத் தூள் நேரே அவளிடம் போய்விடும். அவள் தைப்பதோ மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை எடுக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை.

ஒருநாள் ஒரு சட்டையை என் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். காடை முட்டை மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, இன்னொரு சட்டையில தூள் விழுந்தா உங்கட மேசை கோழிக்கூட்டுக்குப் பின்னாலதான்."

"போகாது."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

சொன்னபோது ஓரடி பின்னுக்குத்தான் நின்றேன். ஆனாலும் சொன்னேன். ஊரே சிரிக்க, கடலை விட்டுக் கரைக்கு வந்தவன் நான். இனி விறாந்தையை விட்டுக் கோழிகளிடம் போவதாக இல்லை.

மேசைக்கு அளவாக ஒரு தூள் தட்டு அடித்தேன். பிளைவுட்டில் அடி, மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் திறந்த வாய். வாயை எங்கே வைப்பது என்று வலைக்காரன் மகனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நீர் வரும் பக்கம் வலைக்கு வாய், காற்று வரும் பக்கம் தட்டுக்கு வாய்.

தேய்க்கத் தொடங்கினேன். காற்று உள்ளே வந்தது, பின்சுவரில் முட்டியது, தட்டில் கிடந்த தூள் முழுவதையும் அள்ளிக்கொண்டு எழும்பியது. நல்லவேளை, தையல் மெஷினில் அப்போது சட்டை இல்லை. மனைவி மட்டும்தான் இருந்தாள்.

அவளின் அண்ணன் கரைவலைக்காரர். வேலிப் படலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"மச்சான், வாயை வச்சீர், சரி. மடி எங்க?"

மடி என்பது கரைவலையின் கடைசியில் இருக்கும் பை. தண்ணீர் அதனூடே வெளியே போய்விடும், மீன் தங்கிவிடும். நான் அடித்ததோ காற்று வெளியேற வழியில்லாத பெட்டி. மூன்று தலைமுறை வலைக்காரரின் வாரிசு!

"அப்ப மேசையைத் தூக்குவமோ?" என்று மச்சான் கையைத் தேய்த்தார்.

"தூக்கும். நானும் மேல இருப்பன்." ஏறிக் குந்திக்கொண்டேன். என் எடை அவருக்குத் தெரியும்.

இறங்கியதும் பின்சுவரைக் கழற்றி எறிந்தேன். கொடியில் கிடந்தது நான் இடுப்பில் உடுக்கும் சாரம், சுற்றிவர மூட்டித் தைத்தது. அதன் ஒரு முனையை முடிச்சுப் போட்டு, மறு முனையை அந்த இடத்தில் சுற்றிவர ஆணியடித்தேன். பிறகு ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, தையல் மெஷினுக்கு முன்னால் மனைவியின் கதிரையில் போய் இருந்தேன்.

"தேயும் மச்சான். என்ர சேட்டில ஒரு புள்ளி விழுந்தா மேசையை நானே தூக்கிறன்."

அவர் பத்துச் சிரட்டை தேய்த்தார், தேவைக்கு மேலேயே அழுத்தி. சாரம் விருந்து சாப்பிட்ட வயிறு போல ஊதி நின்றது. மனைவி சேட்டைப் பொத்தான் பொத்தானாகச் சோதித்தாள். கழுத்துப் பட்டியில் விரல் நின்றது.

"இது என்ன?"

கழுத்தை அவள் பக்கம் நீட்டினேன். "மணந்து பாரும்."

மணந்தாள். "மீன்குழம்பு."

"போன ஞாயிறு."

"மேசை நிக்கட்டும்," என்றாள். "ஆனா, உடுக்கச் சாரம் இல்லையெண்டு என்னட்ட வரக்கூடாது."

"வரமாட்டன்."

என்னிடம் இருந்ததே இரண்டு சாரம். மற்றதைத் தோய்த்துப் போடும் நாட்களில் பழைய அரைக்கால்சட்டையோடு மேசையில் நிற்கிறேன். கடலுக்குப் போய்வருகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சிரிக்கட்டும். நான் விறாந்தையில்தான் நிற்கிறேன்.